ஆட்டுக்கல் வைத்த ரேஸ் கார்

அப்பா எங்களை விட்டு ஓடிப்போவதற்குத்தான் ரேஸ் கார் கட்டுகிறார் என்று ஒரு காப்பிப் பறிப்புப் பருவம் முழுக்க நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். உங்களுக்கெல்லாம் பதினொரு வயதிருக்கும்போது என்னென்ன நம்பினீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆரஞ்சு விதையை விழுங்கிவிட்டு, காது வழியாகக் கிளை வரும் என்று வகுப்பில் அழுத ஆள் இப்போது தாசில்தார். பெயர் சொல்ல மாட்டேன். என் கணக்காவது ஒழுங்கான கணக்கு. வீட்டில் நான்கு பேர். காரில் ஒரே சீட். அதில் இன்ஜினும் கிடையாது, ஆகவே அது மலையிலிருந்து கீழே மட்டும்தான் போகும், மேலே ஏறி வராது. ஒரே ஓர் ஆள் உட்கார்ந்து, கீழே மட்டும் போய், திரும்பியே வராத வண்டியை ஒரு மனிதன் வேறு எதற்குக் கட்டுவான், நீங்களே சொல்லுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா ஜீப் டிரைவர். காலையில் பழம் பறிக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு மேல் பிளாக், கீழ் பிளாக் என்று இறக்கி விடுவதுதான் வேலை. அன்றைக்கு மலையில் ஸ்டியரிங் பிடித்த எவரும் இறக்கத்தில் இன்ஜினை ஓட விட்டதை நான் பார்த்ததில்லை. சரிவு தொடங்கியதும் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார்கள். அப்புறம் டயர் சரளைக்கல்லை நொறுக்குவதும், கூடையோடு கூடை உரசுவதும், யாரோ ஒருத்தி வெற்றிலையைத் துப்புவதும் தனித்தனியாகக் கேட்கும். பெட்ரோல் மிச்சம். எஸ்டேட் கணக்கையெல்லாம் கையில் வைத்திருந்த ரைட்டர், பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவனைத்தான் டிரைவர் என்றே சொல்லுவார். "சரிவுல பெட்ரோல் எரிக்கறவன் மழையில கொடத்துல தண்ணி மொண்டு ஊத்தறவன்" என்று அவரே ஒரு வாசகம் உண்டாக்கி வைத்திருந்தார்.

டிசம்பரில் ஒரு பனி மூடிய காலையில் கீழ் பிளாக் சரிவில் அந்த ஜீப் கவிழ்ந்தது. காப்பிச் செடிகள் தாங்கிக்கொண்டதால் உயிர்ச்சேதம் இல்லை. பறிக்கிற பெண்கள் எல்லோருக்காகவும் முன்னின்று பேசுகிற அத்தை ஒருத்திக்கு மட்டும் வலது கை ஒடிந்தது. சொந்த அத்தை இல்லை. எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் எல்லோரும் அத்தைதான். மாவுக்கட்டோடு அவர் வளைய வந்ததால் அன்று முதல் கட்டுக்கை அத்தை.

முன்சக்கரங்களை ஸ்டியரிங்கோடு கட்டிப் பிடிக்கிற கம்பிக்கு டை ராடு என்று பெயர். அது கழன்றதால்தான் வண்டி ஓடிவிட்டது, அதை மாற்றச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன் என்றார் அப்பா. ரைட்டர் துரையிடம் போய், டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஓட்டினான், அதனால்தான் என்றார். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, கோயமுத்தூர்க்காரர். பங்களாவில் இருந்தால் எங்களுக்குத் துரை. அவர் அப்பாவைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இன்ஜின் ஆஃப் பண்ணியிருந்தியா இல்லையா?"

"பண்ணியிருந்தேனுங்க."

அவ்வளவுதான் விசாரணை. எஸ்டேட்டில் இருந்த இன்னொரு ஜீப்பின் சாவி வேறொருவன் கைக்குப் போனது. அப்பா காப்பி காயப்போடுகிற களத்தில் பலகையால் கொட்டையைத் தள்ளிவிட அனுப்பப்பட்டார். களத்தில் எல்லாம் பெண்கள். அப்பா ஒருவர்தான் மீசை. அதுகூடப் பரவாயில்லை. முதல் நாளே கட்டுக்கை அத்தை எல்லோரும் கேட்கச் சொன்னார்:

"தப்பா நெனைக்காதீங்கண்ணா. கைதானே, கூடிரும். ஆனா இனி உங்க வண்டில நாங்க யாரும் ஏறமாட்டமுங்க."

அப்பா அன்று ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. சாவி போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஏறமாட்டமுங்கன்னுட்டா" என்பதை மட்டும் அம்மாவிடம் மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினார்.

அடுத்து நடந்ததை நான் களத்து ஓரத்தில் நின்று பார்த்தேன். ரைட்டர் குடையோடு வந்து, பெண்களுக்குப் பாடம் எடுப்பதுபோல, இன்ஜினை அணைத்துவிட்டால் வண்டி மனிதன் பேச்சைக் கேட்காது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அப்பா தள்ளுபலகையை நட்டுவைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரைட்டருங்க. இன்ஜினே இல்லாம ஏற்காட்டுல இருந்து அடிவாரம் வரைக்கும் எறக்கட்டுங்களா?"

"எதை?"

"வண்டியத்தான். ஒவ்வொரு கொண்டை ஊசியிலயும் நிறுத்தறேன். நின்னா என்ன சொல்லுவீங்க?"

ரைட்டர் சிரித்தார். "நின்னா ஜீப் சாவிய நானே கொண்டாந்து உங்க ஊட்ல குடுக்கறேன்."

கவிழ்ந்த ஜீப் பல்ப்பர் கொட்டகைக்குப் பின்னால் மல்லாந்து கிடந்தது. அதன் இன்ஜினை ஏற்கெனவே கழற்றி, பழத்தோல் உரிக்கிற பல்ப்பர் இயந்திரத்துக்கு மாட்டிவிட்டார்கள். மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று அப்பா கேட்டபோது துரை, "எடுத்துட்டுப் போப்பா, என் கண்ணுல படக் கூடாது" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் சேர்ந்து அந்தச் சட்டகத்தை எங்கள் வீட்டுக்குப் பின்னால் உருட்டி வந்தார்கள். அம்மா கோழிக்கூடையை அணைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது.

ஜீப்பை ஜீப்பாகவே கட்டியிருந்தால் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்திருக்காது. அப்பா செய்த வேலை வேறு. பழைய காலத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் ரேஸ் காரில் உட்கார்ந்திருக்கும் போட்டோ ஒன்று பங்களாவில் தொங்கியது. பங்களாவுக்கு வெள்ளையடித்தபோது அதைக் குப்பையில் எறிந்துவிட்டார்கள். அப்பா கொண்டுவந்து எங்கள் வீட்டில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். நீள மூக்கு, கூரான வால், உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டு கம்பிச் சக்கரங்கள், மூடியின் மேல் தோல் வார். நடுவில் ஒரு பொந்து. அதில் கண்ணாடி மாட்டிய துரை, முட்டையிலிருந்து பாதி வந்த கோழிக்குஞ்சு மாதிரி.

"இப்படித்தான் கட்டப்போறேன்" என்றார் அப்பா.

"கேரட்டாட்டம் இருக்குது" என்றாள் அம்மா.

"இதுல இன்னொரு ஆளு ஏறவே முடியாது பாத்தியா. ஏற மாட்டேன்னு எவளும் சொல்ல வேண்டிய வேலையே இல்லை."

வீம்பு என்றால் இப்படி ஒரு வீம்பை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை. காலையில் களம், சாயங்காலம் கார். மூங்கிலைப் பிளந்து விலா எலும்பு மாதிரி வளைத்துக் கட்டினார். எண்ணெய்ப் பீப்பாய்களை வெட்டி, சுத்தியலால் தட்டித் தட்டி அதன் மேல் போர்த்தினார். மூக்கின் முனைக்கு, பல்ப்பரிலிருந்து கழித்துப்போட்ட செப்புத் தகடு. முத்து முத்தாகப் புடைத்திருக்கும், சாயங்கால வெயிலில் பார்த்தால் கார் அம்மை போட்டுப் பிழைத்தது மாதிரி இருக்கும். கம்பிச் சக்கரத்துக்கு எங்கே போவது. ஜீப் சக்கரத்திலேயே வெள்ளைப் பெயின்டில் கம்பிகளை வரைந்தார். நிற்கும்போது சிரிப்பாக இருந்தது, சுற்றும்போது சத்தியமாகக் கம்பி. தோல் வாருக்கு என் பள்ளிக்கூடப் பையின் வாரை அறுத்துக்கொண்டார். அந்த வருஷம் முழுக்க நான் புத்தகங்களைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போனேன். போட்டோவில் காருக்கு ஏதோ நம்பர் இருந்தது. அப்பா பக்கவாட்டில் பெரிதாக ஒரு சைபர் போட்டார். ஏன் என்று அக்கா கேட்டதற்கு, "பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்னு ரைட்டர் கேப்பாரில்ல" என்றார்.

இன்ஜின் இல்லாததால் முன்பக்கம் லேசாக இருந்தது. வளைவில் முன்சக்கரம் தரையைக் கவ்வாது என்றார். அதற்கு என்ன செய்தார் என்பதை அம்மா ஒரு சனிக்கிழமை கண்டுபிடித்தாள்.

"ஏனுங்க, ஆட்டுக்கல் எங்கீங்க?"

அம்மா நேராகப் போய் மூடியின் வாரை அவிழ்த்துத் தூக்கினாள். இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில், சைக்கிள் டியூபால் கட்டப்பட்டு, எங்கள் ஆட்டுக்கல் உட்கார்ந்திருந்தது. குழவியும் பக்கத்திலேயே.

"நாளைக்கி இட்லிக்கு அரிசிய நான் எதுல ஆட்டறது?"

"கொஞ்ச நாளைக்கித் தோசை சுடு."

"தோசைக்கு மாவு மானத்துல இருந்து கொட்டுமுங்களா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உப்புமாதான். அம்மாவின் கோபம் எனக்கு வேறு விதமாகப் புரிந்தது. வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார், போகிற இடத்தில் குடித்தனம் வைக்கத்தான். ஆட்டுக்கல்லையே எடுத்துவிட்டார் என்றால் அங்கே மாவாட்ட யாரோ இருக்கிறாள்.

இந்தச் சந்தேகத்தை நெய் ஊற்றி வளர்த்தவள் அக்கா. என்னைவிட நான்கு வயது மூத்தவள். இப்போது நல்ல பாட்டியாக இருக்கிறாள், அதனால் திட்ட முடியவில்லை. நான் பயத்தோடு போய்க் கேட்டபோது அவள் கண் இமைக்காமல் சொன்னாள்:

"உனக்கு இப்பத்தான் தெரியுமா? சேலத்துல இன்னொரு ஊடு இருக்குது. அங்க ஒரு பையன் இருக்கான். உன்னைவிட நல்லாப் படிப்பான்."

சேலத்தில் இன்னொரு வீடு இருப்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. நன்றாகப் படிக்கிற அந்தப் பையன்தான் என் தூக்கத்தைக் கெடுத்தான். கணக்குப் பரீட்சைக்கு முதல்முறையாக உட்கார்ந்து படித்தேன். வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டே அப்பாவின் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். பதினாறாம் வாய்ப்பாட்டுக்குக்கூட அவர் சுத்தியலை நிறுத்தவில்லை. கடைசியில் நேராகவே கேட்டேன்.

"அப்பா, இன்னொரு சீட் வச்சா என்னங்க?"

"எதுக்குக் கண்ணு?"

"சும்மா. ஒரு ஆளுக்கு."

"ஒரு ஆளும் வேண்டாம்" என்றார், ஆணியை வாயில் கவ்விக்கொண்டு.

வேறு வழியில்லாமல் பங்குச் சாமியாரிடம் போனேன். கோவில் தோட்டத்தில் ரோஜாவுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவரிடம், அப்பா ஒற்றை சீட் வண்டியில் எங்களை விட்டுப் போகப்போகிறார் என்று சொன்னேன். பெரியவர்களிடம் விஷயத்தைக் கொடுத்தால் அது வேறு விஷயமாகத் திரும்பி வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே சாமியார் வீட்டுக்கு வந்துவிட்டார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று, காரைப் பார்த்தபடியே புனித சூசையப்பரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"சூசையப்பர் எகிப்துக்குப் போனப்ப என்ன செஞ்சார்? மரியாயையும் குழந்தையையும் கழுதையில ஏத்தினார். தான் நடந்தார். தான் மட்டும் ஏறிக்கிட்டுப் போகலை."

அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜீப் கவிழ்ந்ததைத்தான் சாமியார் குத்திக் காட்டுகிறார் என்று அவர் எடுத்துக்கொண்டது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

"அவருக்கென்னுங்க சாமி" என்றார் அப்பா. "கழுதைக்கு டை ராடு கெடையாதுங்களே."

அம்மாவோ சாமியார் கோவில் காணிக்கைக்கு அடிப்போடுகிறார் என்று நினைத்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினாள். சாமியார் பழத்தோடு போய்விட்டார். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய திருப்தி அவர் நடையில் தெரிந்தது.

பிப்ரவரியில் பறிப்பு முடியும் தறுவாயில் கார் தயாரானது. துரையே பார்க்க வந்தார். பேசாமல் சுற்றிச் சுற்றி வந்தார், செப்புத் தகட்டைத் தடவினார், பொந்துக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம், வருகிற ஞாயிறு தான் சேலம் போக வேண்டியிருக்கிறது, பின்னாலேயே ஜீப்பில் வந்து பார்க்கிறேன் என்றார். ரைட்டரும் கூட வந்தாக வேண்டும். அன்றைக்கு அந்த ஜீப்பில் கட்டுக்கை அத்தையும் தானே வந்து ஏறிக்கொண்டார். "கை ஒடிஞ்சவ நானு. நான் பாக்காம வேற ஆரு பாக்கறது?"

ஞாயிறு காலைப் பூசை முடிந்து டிராக்டர் காரை இழுத்துக்கொண்டு போய் மலைப்பாதை இறங்கத் தொடங்கும் இடத்தில் விட்டது. எஸ்டேட் பாதிக் கூட்டம் அங்கே. சாமியார் தீர்த்தம் தெளித்தார். லைன் ஆட்கள் அதோடு விடாமல் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கூட்டம் முழுக்கச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சீட்டுக்குப் பின்னால், கூரான வாலின் உள்ளே போகிற வழியைச் சாக்குத்துணி மூடியிருந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த வாலுக்குள் போன பிராணி பயத்தால் ஆன பிராணி. என் திட்டம் இதுதான்: சேலத்து வீட்டு வாசலில் அப்பா இறங்கும்போது நானும் இறங்குவேன், அந்தப் படிக்கிற பையனோடு பதினாறாம் வாய்ப்பாட்டில் மோதிப் பார்ப்பேன்.

எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் கேட்டது. கார் நகர்ந்தது. வாலுக்குள் மண்ணெண்ணெயும் பழைய எண்ணெயும் கலந்த நாற்றம். ஒவ்வொரு குழிக்கும் என் தலை ஒரு பீப்பாயை அடித்தது. என்னமோ ஒரு கூரான தகடு என் டவுசரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் சத்தம் போடாமல் அருள்நிறை மந்திரம் சொன்னேன், சொல்லி முடிப்பதற்குள் அடுத்த குழி வந்து ஆமென் சொன்னது.

முதல் கொண்டை ஊசியில் கார் நின்றது. அப்பா இறங்கி முன்சக்கரத்தை உதைத்துப் பார்க்கிற சத்தம். "மூக்கு ஏன் லேசா இருக்குது" என்று தனக்குத்தானே சொன்னார். பின்னால் வந்தார். சாக்கைத் தூக்கினார்.

அந்த முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

"எதுக்குடா உள்ள வந்த?"

"நீங்க போயிருவீங்க."

"எங்கடா போவேன்?"

"கீழ."

"கீழ எங்க?"

சேலத்துப் பையனைப் பற்றிச் சொன்னேன். அவர் அக்காவை ஒரு வார்த்தை திட்டினார். அதற்குள் பின்னால் ஜீப் வந்து நின்றது. அப்பா கையை நீட்டி என் சட்டையைப் பிடித்துவிட்டார், வெளியே இழுக்கத்தான். அந்த நேரம் பார்த்து ரைட்டரின் குரல் ஜீப்பிலிருந்து வந்தது.

"என்னப்பா, மொத வளைவுலயே முடிஞ்சு போச்சா? ஆளக் கூப்புட்டு இழுக்கச் சொல்லட்டுமா?"

அப்பாவின் பிடி தளர்ந்தது. திரும்பிப் பார்க்காமலே என்னிடம் மெல்லச் சொன்னார்: "பின்னாடி இருந்தா மூக்கு தூக்குது. சீட்டுக்கு அடியில ஊர்ந்து முன்னால வா. என் காலுகிட்டக் குந்திக்க. தலையத் தூக்காத."

நல்ல தகப்பன் என்ன செய்திருப்பான் என்று என் வீட்டு மருமகள்கள் எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அவர்கள் யாரும் களத்தில் தள்ளுபலகை பிடித்ததில்லை.

மிச்ச மலையை நான் அப்பாவின் பாதங்களுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு இறங்கினேன். ஏற்காட்டு மலைப்பாதையை உங்களில் பல பேர் பஸ் ஜன்னலிலிருந்து வாந்தி எடுத்தபடி பார்த்திருப்பீர்கள். தரைப்பலகை ஓட்டை வழியாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். தார் ரோடு சாம்பல் நிறத் துணியை யாரோ உருவுவது மாதிரி ஓடும். வளைவு வந்தால் துணி சுருங்கும், ஓரத்துக் காய்ந்த சருகு தெரியும், நிற்கும். மறுபடி ஓடும். அப்பா எப்போதும் வெறுங்காலில்தான் ஓட்டுவார். பிரேக் மிதியில் அந்தப் பாதம் ஒரேயடியாக அழுந்தி நான் பார்க்கவில்லை. அழுத்தும், விடும். அழுத்தும், விடும். தூங்கப்போகிற குழந்தையைத் தட்டுவதுபோல. ஒவ்வொரு வளைவிலும் நின்றார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ரைட்டர் ஏதோ சொன்னார், வரவர அதில் சத்தம் குறைந்தது. துரை ஒருமுறை இறங்கி வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றார். அவருடைய பளபளப்பான ஷூ ஓட்டை வழியாக என் மூக்குக்கு நேரே இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டேன்.

பாதிக்கு மேல் இறங்கியபின் ஒரு கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவுக்கு முன்னால் அப்பாவின் பாதம் மிதியை அழுத்தியது. மிதி அடிவரை போய்த் தரையைத் தொட்டது. ரோட்டுத் துணி சுருங்கவில்லை. பாதம் மேலே வந்து மறுபடி அழுத்தியது. மறுபடியும் தரை. கட்டைவிரல் உள்ளே மடங்கி வெளுத்துப் போனதைப் பார்த்தேன். அப்பாவுக்கும் பயம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எனக்கு வந்த பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், அது என் டவுசர் வழியாக இறங்கி, தரைப்பலகை ஓட்டை வழியாக மலைப்பாதையில் சேர்ந்தது.

அப்பா கை பிரேக்கை இழுத்தார். ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தார். கார் ஓரத்துப் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி, மண்சுவரை உரசி உரசி, பெரணிச் செடிக்குள் மூக்கை நுழைத்து நின்றது. வளைவின் எண் எழுதிய பலகை எட்டித் தொடுகிற தூரத்தில் இருந்தது. உள்ளே ஆட்டுக்கல் ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது.

ஜீப் வந்தது. "ஏன் அங்க ஒதுங்கீட்டீங்க?" என்றார் ரைட்டர்.

"ரேடியேட்டர் சூடாயிருச்சுங்க" என்றார் அப்பா.

துரை சிரித்துவிட்டார். சரியாக வளைவில்தான் நின்றிருக்கிறது, இதையும் கணக்கில் சேர்த்துக்கொள் என்று ரைட்டரிடம் சொன்னார். அப்பா இறங்கி ஒரு பீடி பற்றவைத்தார். அது முடிந்தபின் இன்னொன்று. சூடேறிய பிரேக் டிரம் ஆறும்வரை அவர் அவசரப்படவில்லை. திரும்ப ஏறி உட்கார்ந்து மிதியை இரண்டு முறை தட்டிப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. குனிந்து என்னைப் பார்த்தார். "மிதி போச்சுன்னு வாயத் தெறந்த, அவ்வளவுதான்." நான் தலையாட்டினேன்.

அடிவாரம் வந்தபோது செக்போஸ்டில் ஒரு போலீஸ்காரர் தடுத்தார். காரை ஒரு சுற்று சுற்றினார், மூடியின் வாரை அவிழ்த்து எட்டிப் பார்த்தார்.

"இன்ஜின் எங்கய்யா?"

"மேல இருக்குதுங்க. காப்பி உரிக்குது."

"இது என்ன?"

"ஆட்டுக்கல்லுங்க."

"வண்டிக்கு ரிஜிஸ்ட்ரேஷன்?"

"இன்ஜின் இல்லீங்களே, இது எப்படிங்க வண்டியாகும்? வேணும்னா ஆட்டுக்கல்லுக்கு எழுதிக்கோங்க."

துரையைப் பார்த்துச் சல்யூட் அடித்த வேகத்தில் போலீஸ்காரருக்கு மேற்கொண்டு கேட்க எதுவும் நினைவுக்கு வரவில்லை. அப்போதுதான் என் காலில் ஏறிய மரமரப்பு தாங்காமல் நான் பொந்திலிருந்து தலையை நீட்டினேன்.

கட்டுக்கை அத்தை ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏனுங்கண்ணா, பையன் எங்கிருந்து வந்தான்?"

"வண்டிக்குள்ளதானுங்க இருந்தான்."

"மேல இருந்தேவா?"

"மேல இருந்தேதானுங்க" என்றார் அப்பா. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அத்தை என்னைத் தூக்கி நிறுத்தி, கட்டுப் போடாத கையால் என் முகத்து எண்ணெயைத் துடைத்தார். "பயமா இல்லியா சாமி?"

"இல்லீங்கத்தை."

"டவுசர் ஏன் நனஞ்சிருக்குது?"

"பிரேக் ஆயிலுங்க."

அவர் என்னை நம்பினாரா என்பது தெரியாது. ஆனால் அப்பாவை ஒரு நீண்ட நேரம் பார்த்தார். ஊருக்குத் திரும்புவதற்குள் கதை எனக்கு முன்னால் மலை ஏறிவிட்டது: தன் கைமேல் அவ்வளவு நம்பிக்கை வைத்து, பெற்ற பிள்ளையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, இன்ஜின் இல்லாத வண்டியை அந்த மனிதன் இறக்கினான். அம்மா அந்தக் கதையைக் கேட்டதும் முதலில் என்னை அடித்தாள், பிறகு அக்காவை, பிறகு இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் போட்டு வந்த ஆட்டுக்கல்லைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

கார் மேலே வரவில்லை. அடிவாரத்தில் ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வந்தோம். முதலில் செப்புத் தகடு காணாமல் போனது, பிறகு சக்கரங்கள், பிறகு என் பையின் வார். மழைக்காலத்தில் ஒருமுறை பஸ்ஸிலிருந்து பார்த்தபோது வெறும் பீப்பாய்த் தகடு சைபரோடு சாய்ந்து நின்றது, ஓர் ஆடு உள்ளே ஒதுங்கியிருந்தது.

சாவியும் வரவில்லை. "அது சும்மா பேச்சுக்குச் சொன்னதுப்பா" என்றார் ரைட்டர். துரையும் புது டிரைவரை வைத்தாயிற்று, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். திங்கட்கிழமை அப்பா தள்ளுபலகையை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனார்.

ஆனால் காலையில் ஜீப் வந்து நின்றபோது ஒரு பெண்ணும் ஏறவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழ் பிளாக்குக்கு நடந்தார்கள். ரைட்டர் பின்னாலேயே ஓடி, என்ன விஷயம் என்று கேட்டார்.

"வண்டி வேண்டாமுங்க, நடக்கறமுங்க" என்றார் கட்டுக்கை அத்தை. "பெத்த புள்ளைய வச்சுக்கிட்டு எறக்கறவரு கையில சாவி வரட்டும், அப்ப ஏறிக்கறம்."

மறுநாளும் நடந்தார்கள். அதற்கடுத்த நாளும் நடந்தார்கள். கடைசிப் பறிப்புப் பழம் செடியிலேயே கறுத்து உதிரத் தொடங்கியது. ரைட்டர் சாவியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா வாங்கவில்லை.

"இந்த ஜீப்புக்கும் டை ராடு புதுசு போடுங்க. அப்பறம் தொடறேன்."

"அது நல்லாத்தானேப்பா இருக்குது."

"அப்ப நீங்களே ஓட்டிக்கோங்க."

ரைட்டர் சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய், டை ராடு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அப்பா அதைத் தன் கையாலேயே மாட்டினார். மறுநாள் காலை ஜீப்பைக் கொண்டுவந்து லைன் வீடுகளுக்கு முன்னால் நிறுத்தினார், ஆரன் அடிக்கவில்லை. பெண்கள் வந்தார்கள். கட்டுக்கை அத்தை முதலில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். மற்றவர்கள் பின்னால் நெருக்கியடித்து ஏறினார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நான் கூடைகளுக்கு நடுவில் இருந்தேன். கீழ் பிளாக் சரிவு வந்ததும் அப்பா சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கீழே போய் ஜீப் நின்றது. எல்லோரும் இறங்கிப் பழம் பறிக்கப் போனார்கள்.